கைக்கடங்கிய செலவில் ஓர் அம்பாசடர் இன்ஜின்

பழைய கார் இன்ஜினைப் புதுப்பிக்கும்போது செலவு கைமீறிப் போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்காமலேயே வேலையைத் தொடங்கிவிடுவதாகும். அளக்காதவருக்கு இரண்டு வகையில் இழப்பு நேர்கிறது: இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய பாகத்தை எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிறார், மாற்றியே தீர வேண்டிய பாகத்தைச் சிக்கனம் கருதி விட்டுவைத்து, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் இன்ஜினை மறுபடியும் இறக்க வேண்டிய நிலைக்கு வந்து சேர்கிறார். இவ்விரண்டில் இரண்டாவதுதான் கொடியது. ஏனெனில் கேஸ்கெட், ஆயில், கூலி ஆகிய அனைத்தும் அப்போது இரண்டாம் முறையாகச் செலவாகின்றன. கையில் உள்ள பணம் குறைவாக இருப்பவருக்கு மைக்ரோமீட்டரும் ஃபீலர் கேஜும் ஸ்பேனரைவிட முக்கியமான கருவிகளாக அமைவது இதனால்தான். இதை விளக்குவதற்கு, தமிழ்நாட்டுச் சாலைகளில் இரண்டு தலைமுறைகளாக ஓடிய அம்பாசடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த இன்ஜின் பிரிட்டனில் பிறந்தது. ஆஸ்டின், மாரிஸ் ஆகிய நிறுவனங்கள் 1952-இல் இணைந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், அதாவது பி.எம்.சி., தன் பல்வேறு கார்களுக்குப் பொதுவாகப் பயன்படுத்திய 'பி' வரிசை இன்ஜின்களில் இதுவும் ஒன்று. 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. 1500 என்னும் இரு இருக்கை விளையாட்டுக் காரிலும் இதே அளவுள்ள இன்ஜின்தான் இருந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர், 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை உற்பத்தியில் இருந்தது. பின்னாளில் இசுசு இன்ஜினும் டீசல் இன்ஜின்களும் வந்துசேர்ந்தபோதிலும், பழைய பெட்ரோல் வண்டிகளில் இன்றும் காணப்படுவது பெரும்பாலும் இந்த 1489 சி.சி. இன்ஜினே. அதன் சிலிண்டர் துளையின் விட்டம், அதாவது பட்டறைகளில் போர் எனப்படுவது, 73.025 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரமாகிய ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. கிராங்க் ஷாஃப்ட்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. வால்வுகளைப் புஷ் ராடுகள் வழியாக இயக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில் அமர்ந்திருக்கிறது.

இத்தகைய இன்ஜின்கள் தேய்ந்தபின் தூக்கியெறியப்படுவதற்காக வடிவமைக்கப்படவில்லை. தடித்த சுவர்களைக் கொண்ட பிளாக்கைச் சற்றே பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன்களைப் பொருத்தலாம், கிராங்கைச் சற்றே சிறிதாகத் தேய்த்துத் தடித்த பேரிங்குகளைப் பொருத்தலாம், அதுவும் ஒருமுறையல்ல, பலமுறை செய்யலாம் என்ற கணக்கு வரைபடத்திலேயே இடம்பெற்றிருந்தது. இந்தியாவில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் இந்தக் கணக்கு மேலும் வேரூன்றியது. அந்த ஆண்டுகளில் உதிரிப் பாகத் தொழில் செழித்து வளர்ந்த இடங்களில் தமிழ்நாட்டுக்கு முதன்மையான இடம் உண்டு. பிஸ்டன்களைச் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இன்ஜின் வால்வுகளைச் செய்ய 1959-இல் ஒரு நிறுவனம் அதே நகரில் எழுந்து, பின்னர் ரானே குழுமத்தின் பெயரைத் தாங்கியது. மெல்லிய பேரிங்குகளைச் செய்யும் பைமெட்டல் பேரிங்ஸ் 1961-இல் உருவாகிக் கோயம்புத்தூரில் ஆலை அமைத்தது. பிஸ்டன், வால்வு, பேரிங் ஆகிய மூன்றும் ஒரே மாநிலத்தில் உருவானதும், ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் போர் கடையும் இயந்திரமும் கிராங்க் கிரைண்டிங் இயந்திரமும் கொண்ட பட்டறை ஒன்றாவது இருந்ததும் சேர்ந்துதான், சாதாரண வருமானமுள்ள ஒருவர் இத்தகைய காரைப் பல பத்தாண்டுகள் வைத்திருப்பதைச் சாத்தியமாக்கின.

வேலையின் முதற்கட்டம் இன்ஜினைத் திறக்காமலேயே நடைபெற வேண்டும். "இன்ஜின் போச்சு" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குறைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் சில, இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலேயே, ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்யக்கூடியவை. புகையின் நிறமும் அது வரும் நேரமும் இவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வருமானால், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் மேலேறுகிறது என்று கொள்ளலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போதோ, இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும்போதோ மட்டும் நீலப்புகை ஒருமுறை எழுந்து மறையுமானால், வால்வு கைடுகள், அதாவது வால்வுத் தண்டு ஏறியிறங்கும் குழல்கள், தேய்ந்துள்ளன என்று பொருள். கரும்புகை வெறும் கார்புரேட்டர் கோளாறாக இருக்கலாம். வெப்பம் ஏறிய பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ, விரிசல் விட்ட ஹெட்டையோ ஐயுற வேண்டும்.

புகை தரும் ஐயத்தை உறுதிப்படுத்துவது கம்ப்ரஷன் சோதனை. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தியபடி, நன்கு சார்ஜ் ஏற்றிய பேட்டரியைக் கொண்டு இன்ஜினைச் சில சுற்றுகள் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தத்தைக் கேஜில் படிக்க வேண்டும். எண்கள் எவ்வளவு பெரியவை என்பதைவிட, நான்கும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதே இங்கு முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட வேறுபாடு கவனத்துக்குரியது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி சோதித்தால் எண் ஏறுமானால், அந்த ஆயில் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது, ஆகவே தேய்வு கீழே இருக்கிறது; எண் ஏறாவிட்டால் கசிவு வால்வு வழியாக நடைபெறுகிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால் அவற்றுக்கிடையே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு மிகுதி. சில நிமிட வேலையான இச்சோதனை, பெருஞ்செலவான முழு ஓவர்ஹாலுக்கும் சிறுசெலவான ஹெட் வேலைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தீர்மானித்துவிடுகிறது என்பதால், இதைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்லும் எந்த ஆலோசனையையும் ஏற்க வேண்டியதில்லை.

ஹெட் வேலை மட்டும் போதும் என்று தெரிந்தால் உரிமையாளரின் சொந்த உழைப்புக்கு நிறைய இடமிருக்கிறது. எரியறையில் படிந்த கார்பனைச் சுரண்டி நீக்குவதும், வால்வை அதன் இருக்கையின் மேல் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, உறிஞ்சு குமிழ் பொருத்திய குச்சியால் இரு கைகளுக்கிடையே உருட்டி, ஒரே சீரான சாம்பல்நிற வளையம் தோன்றும்வரை தேய்ப்பதும் தொழிற்சாலைக் கருவி எதையும் வேண்டாதவை. வேலை முடிந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து எரியறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால், எந்த வால்வு இன்னும் மூடவில்லை என்பதை இன்லெட், எக்ஸாஸ்ட் வழிகளில் கசியும் எண்ணெயே காட்டிவிடும். ஆனால் கைடுகளை மாற்றுவதும், கோணிய ஹெட்டின் முகத்தைச் சமன்செய்வதும் பட்டறைக்குரியவை. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு இன்றைய பெட்ரோல் தரும் ஒரு தொல்லையையும் இங்கே கருத வேண்டும். இந்தியா முழுவதும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றுபோனது. மக்களின் உடல்நலத்துக்கு அது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஈயப் படிவே எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கைக்குக் காப்பாகவும் இருந்தது. அது இல்லாதபோது, நெடுந்தூரம் வேகமாக ஓடும் வண்டியில் மென்மையான வார்ப்பிரும்பு இருக்கை அரிக்கப்பட்டு வால்வு உள்நோக்கி இறங்கத் தொடங்குகிறது. ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறதென்றால், எக்ஸாஸ்ட் பக்கத்தின் நான்கு இருக்கைகளுக்கு மட்டும் கடினமான எஃகு வளையம் பதித்துவிடுவது செலவுக்கு ஏற்ற முடிவு. ஊருக்குள் மெதுவாக மட்டும் ஓடும் வண்டிக்கு அதைத் தள்ளிப்போடுவதிலும் தவறில்லை.

தேய்வு கீழே இருக்கிறது என்று தெரிந்து இன்ஜினை இறக்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், கழற்றும் கட்டத்திலேயே சிக்கனம் தொடங்குகிறது. ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய பாகங்கள் மீண்டும் அதே துணையோடுதான் சேர வேண்டும். ஒரு சிலிண்டரின் டேப்பட்டை, அதாவது கேமுக்கும் புஷ் ராடுக்கும் இடையே உள்ள உருளையை, மற்றொரு கேமின் மேல் வைத்தாலோ, ஒரு கனெக்டிங் ராடின் மூடியை மற்றொன்றில் மாட்டினாலோ நல்ல பாகமே கெட்டுவிடும். இந்த இன்ஜினில் கனெக்டிங் ராடின் பெரிய முனை சாய்வாகப் பிளக்கப்பட்டிருப்பதால், எந்த ராடு எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்பதையும் குறித்துக்கொள்வது தேவை. எண்ணிட்ட பைகளும் கைபேசிப் படங்களும் போதுமானவை.

சிலிண்டரின் தேய்வு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. பிஸ்டன் உச்சத்தில் ஒரு கணம் நின்று திரும்பும்போது மேல் ரிங்கின் கீழ் உள்ள ஆயில் படலம் மிக மெலிதாகிறது. அதே கணத்தில்தான் எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு மிகக் கடுமையாக அழுத்துகிறது. எனவே மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே தேய்வு மிகுந்தும், ரிங் எட்டாத உச்சியில் தேய்வே இல்லாமல் ஒரு விளிம்பும் உண்டாகின்றன. மேலும், கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளும் பக்கத்தில் தேய்வு கூடுதலாக இருப்பதால் துளை வட்டத்தன்மையையும் இழக்கிறது. இவற்றைப் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களில், குறுக்கும் நெடுக்குமாக இரு திசைகளில் அளக்கிறார்கள்.

போர் கேஜ் கிடைக்காதவருக்கும் ஒரு வழி உண்டு. பிஸ்டன் ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளி அதைச் சாயாமல் நிறுத்தி, ரிங்கின் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். தேய்வு மிகுந்த மேற்பகுதியிலும், தேய்வு அற்ற அடிப்பகுதியிலுமாக இதை இருமுறை செய்ய வேண்டும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல 3.14 மடங்கு என்பதால், இரண்டு இடைவெளிகளின் வேறுபாட்டை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பது கிடைக்கும். மேலே 0.85 மி.மீ., கீழே 0.35 மி.மீ. என்றால் வேறுபாடு 0.50, வகுத்தால் ஏறத்தாழ 0.16 மி.மீ. தேய்வு. துளை வட்டமாக இருக்கிறதா என்பதை இம்முறை சொல்லாது. ஆயினும் முதல் முடிவை எடுக்க இது போதும்.

தேய்வு 0.1 மி.மீ. அளவுக்குள் நின்று, சுவரில் கீறலும் இல்லையென்றால், மேல் விளிம்பை நீக்கி, பளபளத்துப்போன சுவரை ஹோனிங் கல்லால் மெல்ல உரசிக் கரடாக்கி, புதிய ரிங்குகளைப் போடுவது நேர்மையான சிக்கனம். தேய்வு 0.15 மி.மீ.-ஐத் தாண்டிய சிலிண்டரில் அதையே செய்வது பணத்தை வீணாக்குவது. மேலே அகன்றும் கீழே குறுகியும் உள்ள துளையில் புதிய ரிங் ஒவ்வொரு ஓட்டத்திலும் விரிந்து சுருங்கி, விரைவில் விறைப்பை இழந்துவிடும். அப்போது ரீபோர், அதாவது துளையை அடுத்த அளவுக்குக் கடைவது, தவிர்க்க முடியாதது. இந்த இன்ஜினுக்கான பெரிய பிஸ்டன்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்ற படிகளில் செய்யப்பட்டன. கடைசிப் படி ஏறத்தாழ 1 மி.மீ. அந்தப் படிக்குக் கடைந்தால் இன்ஜினின் கொள்ளளவு ஏறத்தாழ 1531 சி.சி. ஆகும். நான்காம் படியையும் தாண்டிய பிளாக்குக்கு ஸ்லீவ், அதாவது வார்ப்பிரும்புக் குழல், இறக்கி மீண்டும் ஆரம்ப அளவுக்கே கொண்டுவரலாம். மூன்று சிலிண்டர்கள் நலமாக இருக்க, நொறுங்கிய ரிங்கால் ஒன்று மட்டும் ஆழமாகக் கீறப்பட்டிருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் போட்டு மற்ற மூன்றின் அளவுக்கு அதைக் கடைந்துகொள்வது, நான்கையும் கடைந்து நான்கு பிஸ்டன்களையும் வாங்குவதைவிடச் செலவு குறைந்தது. பல பட்டறைகள் இதைத் தாமாக எடுத்துரைப்பதில்லை, கேட்டால் செய்துகொடுக்கின்றன.

இங்கு வரிசை மாறக்கூடாது: முதலில் பிஸ்டன்களை வாங்கி, அவற்றைக் கையில் கொடுத்த பின்புதான் பிளாக்கைக் கடையச் சொல்ல வேண்டும். பெட்டியில் ஒரே அளவு அச்சிடப்பட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நுண்ணிய வேறுபாடு உண்டு. நல்ல கடைசல்காரர் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதன் இடைவெளிக்கு ஏற்ப அதற்குரிய துளையைக் கடைகிறார். இன்று அம்பாசடர் பாகங்களில் எல்லா அளவும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை என்பதால், 20-க்குக் கடைந்துவிட்டு 30 மட்டுமே கடையில் இருப்பதைக் கண்டு மறுபடி கடைய நேரும் அவலமும் இதனால் தவிர்க்கப்படுகிறது.

கடைந்தபின் செய்யும் ஹோனிங், சிலிண்டர் சுவரில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய கோடுகளை உண்டாக்குகிறது. அக்கோடுகளின் பள்ளங்களில் தங்கும் ஆயிலே ரிங்கைக் காக்கிறது. ஆனால் அதே பள்ளங்களில் கல்லிலிருந்து உதிர்ந்த பொடியும் தங்கியிருக்கிறது. அதைப் பெட்ரோலாலோ டீசலாலோ கழுவினால் எண்ணெய்ப்பசை மட்டும் நீங்கி, பொடி அங்கேயே நின்றுவிடும். நின்ற பொடி புதிய ரிங்கைப் பழைய ரிங்கைவிட வேகமாக அரித்துத் தின்னும். வெந்நீரும் சோப்பும் பிரஷும் கொண்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்பும்வரை தேய்த்துக் கழுவி, உலர்ந்த உடனே ஆயில் பூசிவிட வேண்டும். சில நிமிடம் தாமதித்தால்கூட வெற்று இரும்பில் துரு படரும். ஒரு சோப்புக் கட்டியின் விலையில் முடியும் இந்த வேலை விடுபட்டதால் வீணான ஓவர்ஹால்கள் ஏராளம். முழு வேலையிலும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேறொரு கட்டம் இல்லை.

கிராங்க் ஷாஃப்ட்டிலும் பேரிங்கிலும் சிக்கனத்தின் எல்லை இன்னும் குறுகலானது. பேரிங் என்பது எஃகு முதுகின் மேல் மென்மையான உலோகக் கலவை பூசப்பட்ட அரைவட்டத் தகடு; ஓடும்போது கிராங்க் அதைத் தொடுவதில்லை, இரண்டுக்கும் இடையே அழுத்தத்தோடு பாயும் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது இந்த இடைவெளிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. சுமார் 50 மி.மீ. தடிமனுள்ள மெயின் தண்டுக்கு அது 0.05 மி.மீ., அதாவது ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டியது. இடைவெளி இரட்டிப்பானால் அதன் வழியே பக்கவாட்டில் வழியும் ஆயில் இரட்டிப்பாவதோடு நிற்பதில்லை, ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. பம்பு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் அழுத்தம் சரிகிறது. வெப்பமேறிய இன்ஜினில் ஆயில் அழுத்தம் தாழ்வதற்கும், சுமை ஏறும்போது ஆழத்திலிருந்து இடிப்பதுபோல் ஓசை வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

தண்டுகளை மைக்ரோமீட்டரால் பல கோணங்களில் அளந்து, வட்டத்தன்மைப் பிறழ்வு 0.025 மி.மீ.-க்குள் இருந்து மேற்பரப்பும் வழுவழுப்பாக இருந்தால், மெருகிட்டுப் புதிய ஸ்டாண்டர்டு பேரிங்குகளைப் போட்டுவிடலாம். கிரைண்டிங் செலவு மிச்சம். அதற்கு மேல் போயிருந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு குறைத்துக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங்குகளை வாங்க வேண்டும். பேரிங் மூடியின் முகத்தை அரத்தால் தேய்த்து இடைவெளியைக் குறைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்றும் உண்டு. அது துளையை நீள்வட்டமாக்கி, நல்ல பேரிங்கை அடுத்த வேலையிலும் பொருந்தவிடாமல் செய்துவிடும் என்பதால் எந்த வறுமையிலும் அதற்கு இடம் தரக்கூடாது. கிரைண்டிங் முடிந்து வரும் கிராங்கின் ஆயில் துளைகளில் உலோகப் பொடி அடைந்திருக்கும். அடைப்பான்களைக் கழற்றி, நீண்ட பிரஷால் துளைகளை முழுதும் துலக்கிய பின்பே கிராங்கைப் பொருத்த வேண்டும். பொருத்தும்போது உண்மையான இடைவெளியை அறிய, பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே வைத்து நசுக்கி அகலத்தைப் படிக்கும் மெழுகு இழை மலிவாகக் கிடைக்கிறது. பட்டறையின் சொல்லை நம்புவதோடு இதையும் செய்து பார்ப்பது உரிமையாளருக்கும் பட்டறைக்கும் நல்லது.

கேம் ஷாஃப்ட் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கிறது. அதன் முகடுகள் தட்டையாகிவிடாமலும், டேப்பட்டுகளின் அடிப்பரப்பு குழிவிழாமலும் இருந்தால் பழைய ஜோடிகளையே திரும்பப் போடலாம். கேமை மாற்றினால் எட்டு டேப்பட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ராக்கர் தண்டின் அடிப்பக்கத் தேய்வும் டைமிங் செயினின் தளர்வும் ஓசையைக் கூட்டுமேயன்றி உடனடி ஆபத்தைத் தருவதில்லை, ஆகவே பணம் போதாதபோது இவை அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். ஆயில் பம்பு அப்படியன்று. அதைத் திறந்து அளந்து, ஐயமிருந்தால் புதிதாக வாங்கிவிடுவதே முறை.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகள் ஏழை உரிமையாளருக்குப் பேருதவி புரிகின்றன. அங்கே எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். மேனிஃபோல்டு, ராக்கர் மூடி, டைமிங் மூடி, புல்லி, ஆயில் சம்ப் முதலிய, தேயாத பாகங்களைப் பழையதாக வாங்குவதில் இழப்பில்லை. நல்ல கிராங்க்கூடக் கிடைக்கும். ஆனால் விலை பேசுமுன் மைக்ரோமீட்டரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். பேரிங், ரிங், கேஸ்கெட், கனெக்டிங் ராடு போல்ட் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது எந்த விலையிலும் நட்டமே. பழைய பிளாக் ஒன்று மலிவாகக் கிடைத்தாலும் அவசரப்படுதல் ஆகாது. இன்ஜின் எண் பிளாக்கோடு சேர்ந்தது. பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணுக்கு மாறான இன்ஜினைப் பொருத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறிப்பிடும் மாற்றங்களில் அடங்கும் என்பதால், போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குத் தகுதிச் சோதனையும் ஐந்தாண்டுக்கொரு முறை பதிவுப் புதுப்பித்தலும் இருப்பதை எண்ணினால், சொந்த பிளாக்குக்கு ஸ்லீவ் போட்டுக் காப்பாற்றுவதே அலைச்சலற்ற வழி.

புதுப்பித்த இன்ஜினை மறுபடி கெடுப்பவை பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கின்றன. பிளாக்கின் நீர்வழிகளில் பத்தாண்டுக் கணக்கில் படிந்த துருச்சேறு, குறிப்பாக நான்காம் சிலிண்டரைச் சுற்றி, கெட்டியாக அடைந்திருக்கும். கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து அதைக் கம்பியால் குத்தி வெளியேற்றாமலும், ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமலும் இன்ஜினை ஏற்றினால், முதற்கோடையிலேயே ஹெட் கோணும். காற்று வடிகட்டி சரியில்லாத வண்டியில் சாலைப் புழுதி நேரே சிலிண்டருக்குள் செல்கிறது. போர் தேய்வின் மூலகாரணமே அதுவாக இருந்திருக்கக்கூடும். இன்று விற்கப்படும் எத்தனால் கலந்த பெட்ரோல், அக்கால ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் உப்பவைத்து வெடிப்புறச் செய்வதால், அவற்றை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவது செலவைவிடப் பாதுகாப்பைச் சார்ந்த கடமை. சூடான எக்ஸாஸ்டின் அருகே கசியும் பெட்ரோல் முழு வண்டியையும் எரித்துவிடும்.

பூட்டும் வேலையில் இரவலாகவாவது பெற வேண்டிய கருவி டார்க் ரெஞ்ச். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, இந்த இன்ஜினுக்குரிய 50 அடி-பவுண்டு முறுக்குக்குக் கொண்டுவர வேண்டும். கையுணர்வை நம்பி இறுக்கிய ஹெட் எங்கோ ஓரிடத்தில் கேஸ்கெட்டைத் தளர்வாகவே விட்டிருக்கும். வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஒன்பது கணக்கு உதவுகிறது: எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதல் வால்வையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் சரிசெய்வது என, திறந்த வால்வின் எண்ணும் சரிசெய்யும் வால்வின் எண்ணும் எப்போதும் கூட்டினால் ஒன்பது வரும். அதன்பின் பிளக்குகளைக் கழற்றிய நிலையில், கேஜில் ஆயில் அழுத்தம் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றிவிட்டு, பிறகே இன்ஜினை உயிர்ப்பிக்க வேண்டும்.

புதிய ரிங்குகள் சுவரோடு பழகுவதற்கு மிதமான சுமை தேவை. புதிய இன்ஜின் என்று அஞ்சி மணிக்கணக்கில் ஐடிலிங்கில் ஓடவிடுவது சுவரைப் பளபளப்பாக்கி, ஆயில் குடிக்கும் பழக்கத்தை நிலையாக்கிவிடும். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், ஏற்றங்களில் இன்ஜினைத் திணறவிடாமல் கீழ் கியரில் ஏறியும் முதல் சில நூறு கிலோமீட்டரைக் கடப்பதே சரியான முறை. 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றி, ஆறிய இன்ஜினில் ஹெட் நட்டுகளை அதே வரிசையில் மறுபடி முறுக்கிப் பார்த்து, வால்வு இடைவெளிகளைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். பழைய ஆயிலில் மெல்லிய உலோக மினுமினுப்பு தெரிவது இயல்பே. விரலில் உணரத்தக்க துகள்கள் தென்பட்டால் வண்டியை நிறுத்திவிட்டுச் சம்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பார்க்க வேண்டும். சிலிண்டர்களின் இறுதி அளவு, கிராங்கின் அண்டர்சைஸ், பேரிங் இடைவெளி, ரிங் இடைவெளி ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வண்டியின் ஆவணங்களோடு வைத்துவிட்டால், அடுத்த முறை அந்த இன்ஜினைத் திறக்கும் மெக்கானிக், அது யாராக இருந்தாலும், எந்த அளவு பாகத்தை வாங்க வேண்டும் என்பதை இன்ஜினை இறக்குமுன்னரே அறிந்துகொள்வார்.